பயன்படுத்தக் கூடாத சாவி

என் மணிக்கட்டை முறித்ததற்காக என் கணவன் லைலுக்குத் தொண்ணூறு நாள் ஜெயில் கொடுத்தார்கள். ஜூலை நான்காம் தேதி, ஊரே வாணவேடிக்கை பார்க்க நாற்காலி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது அது. அக்டோபர் இரண்டு, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு அவன் ஜெயிலிலிருந்து வெளியே வருவான். அதற்குள் என் வீட்டுக் கதவு உறுதியாகிவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

திட்டத்தைப் பற்றி முதலில் சொன்னவள் ரோண்டா. பள்ளிக்கூடச் சமையலறையில் என்னோடு வேலை செய்கிறவள். அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும். அவள் மாவை உருட்டிக்கொண்டே சொன்னாள்.

"நம்ம கவுண்டி நிர்வாகத்துக்கு மானியம் வந்திருக்காம்டி. 'வாசல் காப்போம்'னு பேரு. பூட்டு, கேமரா, ஆபத்துப் பொத்தான், எல்லாம் சும்மா மாட்டித் தராங்களாம். நீ எதுக்கு வீட்டை விட்டு ஓடணும்? ஓடறதா இருந்தா அவன் ஓடட்டும்."

அதே வாக்கியம் கோர்ட் கட்டடத்தின் அடித்தளத்திலிருந்த அலுவலகத்தில், ஊதா நிறத் தாளில் அச்சடித்து ஒட்டப்பட்டிருந்தது: 'நீங்கள் ஏன் ஓட வேண்டும்?' ஒரு பக்கம் வேட்டை லைசன்ஸ் கொடுக்கும் ஜன்னல். இன்னொரு பக்கம் இது. நடுவில் இரண்டுக்கும் பொதுவான ஒரே வரிசை. எனக்கு முன்னால் நின்றவர் மான் வேட்டைக்கு வந்தவர். மரியாதையாக விலகி, "நீங்க முன்னால போங்கம்மா, உங்களுக்குத்தான் அவசரம்" என்றார். என் கைக்கட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார் என்பது பிறகுதான் உறைத்தது.

திட்டத்தின் இயக்குநர் மர்ஜீன் போல். பதினெட்டு வருடம் கவுண்டிக் கண்காட்சியில் ஜாம் போட்டிக்கு மதிப்பெண் போட்டவர். அன்பானவர். எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். என் முன்னால் ஒரு தாளை வைத்தார். அபாய அளவுகோல். இருபது கேள்வி, கேள்விக்கு ஒரு புள்ளி. நான் உண்மையைத்தான் எழுதினேன். எழுத எழுத, இது என்னைப் பற்றியதல்ல, யாரோ ஒரு பெண்ணைப் பற்றியது, அவளை உடனே யாராவது அங்கிருந்து கூட்டிப் போக வேண்டும் என்று தோன்றியது.

மர்ஜீன் கூட்டிப் பார்த்தார். முகம் வாடியது.

"பதினேழு. ஐயோ கண்ணு, பதினாலுக்கு மேல போனா உபகரணம் தர முடியாதே."

"கம்மியா இருந்தாத்தானே தரக் கூடாது?"

"கம்மியா இருந்தா கையேடு தருவோம். ஒன்பதுல இருந்து பதினாலு வரைக்கும்தான் உபகரணம். அதுக்கு மேல இருக்கறவங்களுக்கு உபகரணம் பலன் தராதுன்னு ஆய்வுல சொல்லியிருக்கு. பலன் தராத வீட்டுல கொண்டுபோய் வெச்சா எங்க வெற்றி சதவீதம் கெட்டுடும். சதவீதம் கெட்டா அடுத்த வருஷம் மானியம் வராது. அப்ப உன்னை மாதிரிப் பொண்ணுங்க எங்க போவாங்க, சொல்லு?"

"பதினேழுக்காரங்க எங்க போவாங்க?"

"அவங்களுக்குத் தலைநகர்ல விடுதி இருக்கு. இப்ப இடம் இல்லை. பேரு எழுதி வெப்போம். ஜனவரில கூப்பிடுவாங்க."

லைல் அக்டோபரில் வருகிறான். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு, பென்சிலை எடுத்தார். கெட்டவர் அல்ல. எனக்காக மூன்று புள்ளி தேட உட்கார்ந்தார்.

"இங்க பாரு. கழுத்தை நெரிச்சார்னு போட்டிருக்கே. ரெண்டு கையாலயா?"

"ஒரு கை. இன்னொரு கையில போன் வெச்சிருந்தான்."

"அப்ப அது நெரிக்கறதுல வராது, பிடிக்கறதுல வரும். அரைப் புள்ளி. துப்பாக்கியைக் காட்டினாரா, இல்ல எங்க இருக்குன்னு சொன்னாரா?"

"மேஜை மேல வெச்சுட்டுச் சாப்பிட்டான்."

"சாப்பிட்டார்ல? அப்ப அது வீட்டுப் பொருள். ஒரு புள்ளி போச்சு. கொன்னுடுவேன்னு சொன்னது... கோபத்துலயா, சாதாரணமாவா?"

"சாதாரணமாத்தான். சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

"சிரிச்சாரா!" மர்ஜீனின் முகம் மலர்ந்தது. "அப்ப விளையாட்டு."

பதினாலரை வந்தது. இன்னும் அரைப் புள்ளி. நானே யோசித்து, ஏழாவது கேள்வியில் 'அடிக்கடி' என்று எழுதியதை அடித்து 'சில சமயம்' என்று மாற்றினேன். பதினாலு. மர்ஜீன் என்னைக் கட்டிக்கொண்டார். ஜாமுக்குப் பரிசு வாங்கியவளைப் போல நானும் நன்றி சொன்னேன்.

திரும்பி வண்டி ஓட்டும்போதுதான் அதைக் கவனித்தேன். கழுத்தில் இருந்த அந்தக் கை லேசாகியிருந்தது. ஒரு கைதானே, என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அது மர்ஜீனின் குரல்கூட இல்லை, என்னுடையது. பத்து வருடமாக லைல் என்னை நம்ப வைக்க முயன்றதை அந்த அறையில் அரை மணி நேரத்தில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

அடுத்த வாரம் உபகரண அறைக்குக் கூட்டிப் போனார்கள். அலமாரி நிறைய ஊதா. சாவிக்கொத்தில் மாட்டும் விசில், தண்ணீர் பாட்டில், துணிப்பை, 'அமைதி' என்ற வாசனையுள்ள மெழுகுவர்த்தி. எல்லாவற்றிலும் திட்டத்தின் சின்னம். அழைப்புமணிக் கேமராக்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன.

"பூட்டு?" என்றேன்.

உபகரணம் மாட்டும் வெர்ஜில் தரையைப் பார்த்தார். அறுபது வயது. கவுண்டிச் சாலைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். மர்ஜீன்தான் பேசினார்.

"பூட்டு உண்டு கண்ணு. ஆனா கேமராவை ஒட்டிடலாம், பூட்டுக்குக் கதவுல துளை போடணும். துளை போட்டா அது வீட்டை மாத்தியமைக்கற வேலை. வீட்டுச் சொந்தக்காரங்க சம்மதம் வேணும்."

"சொந்தக்காரி நான்தான்."

"இன்னொருத்தர்?"

பத்திரத்தில் இரண்டு பேர். கல்யாணமான வருடம் வாங்கிய வீடு.

"அவன்கிட்ட நான் பேசக் கூடாது. அவனும் என் பக்கத்துல வரக் கூடாது. கோர்ட் உத்தரவு இருக்கு."

"உத்தரவு உங்க ரெண்டு பேருக்கும் நடுவுலதானே? எங்களுக்கும் அவருக்கும் நடுவுல ஒண்ணும் இல்லையே. நாங்க யார் பக்கமும் சாயற ஆளுங்க இல்லை. படிவத்தை ஜெயிலுக்கு நாங்களே அனுப்பறோம்."

எங்கள் கவுண்டியில் யாரையும் மனம் நோகச் செய்ய மாட்டார்கள். சாவு வீட்டுக்கும் விவாகரத்து வீட்டுக்கும் ஒரே மாதிரி உருளைக்கிழங்குப் பதார்த்தம் செய்து எடுத்துப் போவார்கள். சண்டை என்றால் இரு பக்கமும் ஒரு தட்டு. லைலுக்குப் போன உறையில் படிவத்தோடு நன்றி அட்டை ஒன்றும், தபால்தலை ஒட்டிய பதில் உறையும் இருந்தன என்று பிறகு தெரிந்தது.

நான்கே நாளில் மர்ஜீன் போன் செய்தார். குரலில் கொண்டாட்டம்.

"கோரின், வந்துடுச்சு! இந்தத் திட்டத்துலயே கெடுவுக்குள்ள படிவம் திருப்பி அனுப்பின முதல் கணவர் உன் வீட்டுக்காரர்தான். கையெழுத்து என்ன அழகு! குறிப்பு வேற எழுதியிருக்கார், படிக்கறேன் கேளு. 'தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு விஷயம். அந்தக் கதவு நிலையை நான்தான் வைத்தேன். இளசான பைன் மரம். குட்டை ஆணி போட்டால் ஒரு உதைக்குத் தாங்காது. எந்த ஆணி போட்டாலும் இரண்டுக்குத் தாங்காது என்பது என் அபிப்பிராயம். கோரின் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லவும்.' பாரேன், எவ்வளவு அக்கறை!"

போனைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்தேன்.

"கண்ணு? அழறியா? நாங்களும் இங்க எல்லாரும் கலங்கிட்டோம்."

அது குறிப்பு அல்ல, கடிதம். எனக்கு எழுதிய கடிதம். உத்தரவு போட்டு அடைத்த அத்தனை வழியையும் விட்டு, ஊதா முத்திரையோடு, என்னைப் பாதுகாக்கிறவர்களின் வாயாலேயே எனக்குப் படித்துக் காட்ட வைத்துவிட்டான். அதை மர்ஜீனிடம் சொல்ல வார்த்தை தேடினேன். சொன்னால் அந்த அம்மாள் புண்பட்டுவிடுவாரோ என்றும் யோசித்தேன். நானும் இந்த ஊர்க்காரிதான்.

செப்டம்பர் இருபத்தொன்பது, திங்கட்கிழமை, வெர்ஜில் வந்தார். கேமரா ஒட்டினார். சமையலறை மேடையில் ஆபத்துப் பொத்தானை வைத்தார். பூட்டைப் பொருத்தினார், நீளமான ஆணி போட்டு. வேலை முடிந்ததும் உறையைப் பிரித்து இரண்டு சாவியை என்னிடம் கொடுத்தார். மூன்றாவதை ஒரு சின்னக் கவரில் போட்டு ஒட்டினார்.

"அது யாருக்கு?"

"ஒப்பந்தத்துல ஒன்பதாவது பத்திம்மா." கவரைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "சம்மதம் கொடுத்த ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் ஒரு சாவி."

"அவன்கிட்டயா கொடுக்கப் போறீங்க?"

"நேர்ல இல்ல. ஜெயில்ல அவர் சாமான் உறை இருக்கும்ல, பெல்ட், கடிகாரம், பர்ஸ்... அதுல போட்டுடுவாங்க. வெளியே வரும்போது எடுத்துக்குவார்."

"வெர்ஜில், நீங்க என்ன சொல்றீங்கன்னு உங்களுக்குப் புரியுதா?"

"எனக்கு ரெண்டு பொண்ணும்மா," என்றார். கவர் இருந்த பையைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். அதை எனக்குக் காட்டாமல் மறைக்கிறாரா, தனக்கே மறைத்துக்கொள்கிறாரா என்று தெரியவில்லை. தொழிலில் இருபத்தெட்டு வருடம் சொன்ன இடத்தில் சொன்ன பலகையை நட்ட மனிதர்.

மர்ஜீனைக் கூப்பிட்டேன். கத்தினேன் என்று நினைக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கண்ணு, நிதானமா யோசி. அவர் வீட்டுக்கு அவருக்கே சாவி இல்லாம பூட்டு போட்டா, அது ஆளை வெளியே தள்ளிப் பூட்டறது. வழக்குப் போடுவார். வழக்கு வந்தா திட்டமே போச்சு. ஆனா பயப்படாதே, அந்தச் சாவியை அவர் பயன்படுத்தக் கூடாது. உத்தரவு இருக்கே! அது பயன்படுத்தக் கூடாத சாவி. சும்மா வெச்சுக்கறதுக்கு."

"அப்ப நான் வேற பூட்டு வாங்கி மாட்டிக்கறேன்."

"ஐயையோ, அது மட்டும் கூடாது. ஒப்பந்தத்துல போட்டிருக்கு. எங்க பூட்டோட வேற பூட்டும் இருந்தா, நாளைக்கு உனக்கு ஒண்ணும் ஆகலைன்னு வெச்சுக்கோ, எந்தப் பூட்டு காப்பாத்திச்சுன்னு நாங்க எப்படி அறிக்கை எழுதறது?"

போனை வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, நிலையில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஒப்பந்தத்தை மீறலாம். கடைக்குப் போய் எந்தப் பூட்டையும் வாங்கலாம். ஆனால் எதை வாங்கினாலும் அதை மாட்டப் போவது அவன் வைத்த நிலையில். என் முதுகுக்குப் பின்னால் இருந்த மரம் இத்தனை மெல்லியது என்று எனக்கு இதுவரை தெரியாது. அவன் சொன்ன பிறகு, கதவைத் தொடும்போதெல்லாம் அவன் கை தட்டுப்பட்டது.

மறுநாள் செவ்வாய், செப்டம்பர் முப்பது. மானிய ஆண்டின் கடைசி நாள். என் வீடுதான் திட்டத்தின் நூறாவது வீடாம். வாசலில் ஊதா ரிப்பன் கட்டினார்கள். மடக்கு மேஜையில் காப்பி, வேர்க்கடலை வெண்ணெய்க் கட்டிகள். பன்னிரண்டு பேர் புல்வெளியில் நின்றார்கள். ரோண்டா என் பக்கத்தில் நின்று, உதடு அசையாமல் கேட்டாள்.

"எவன்டி செத்தது? எதுக்கு இத்தனை காப்பி?"

மர்ஜீன் ஒலிபெருக்கி இல்லாமலே பேசினார்.

"சிலர் என்னைக் கேக்கறாங்க, மர்ஜீன், நம்ம ஊர்ல இத்தனை வீட்டுலயா இந்தப் பிரச்சினைன்னு. நான் சொல்றேன். போன வருஷம் அறுபது வீட்டுக்கு மானியம் வந்தது. தேடினோம், அறுபது கிடைச்சது. இந்த வருஷம் நூறு. நூறும் கிடைச்சது! அடுத்த வருஷம் நூத்தைம்பது கேட்டிருக்கோம். இந்த ஊர் நம்மளைக் கைவிடாதுன்னு எனக்கு நம்பிக்கை இருக்கு."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன், கைக்கட்டோடு.

"ஆனா பெருமை நமக்கு மட்டும் இல்லை. இந்த வீட்டுக் கதவுக்கு மனசாரச் சம்மதம் கொடுத்த ஒருத்தர் இன்னிக்கு நம்மோட இல்லை. வர முடியாத சூழ்நிலை. அவருக்கும் ஒரு கைதட்டல்."

ஒரு கணம் தயங்கினார்கள். பிறகு, தட்டாமல் இருந்தால் மரியாதையாக இருக்காது என்று, அதற்கும் தட்டினார்கள். ரோண்டா மட்டும் இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

கடைசியில் பொத்தானைச் சோதிக்கச் சொன்னார்கள். நான் அழுத்தினேன். ஒலிபெட்டியில் வேறு மாநிலத்திலிருந்து ஒரு பெண் குரல்: "இது ஆபத்தா, நிகழ்ச்சியா?" மர்ஜீன் குனிந்து, "நிகழ்ச்சி கண்ணு, நிகழ்ச்சி" என்றார். தட்டிலிருந்து கட்டியை எடுத்துக்கொண்டிருந்த ஷெரீஃப் அலுவலகப் போலீஸ்காரர், டெபுடி மார்லின், "வந்துட்டேன்!" என்று கையைத் தூக்கினார். எல்லோரும் சிரித்தார்கள். மர்ஜீன் அட்டையில் எழுதிக்கொண்டார்: போலீஸ் வந்து சேர ஆன நேரம், பூஜ்ஜியம் நிமிடம்.

கிளம்பும்போது டெபுடியை வழி மறித்துச் சாவியைப் பற்றிச் சொன்னேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சாவி வெச்சிருக்கறது குத்தம் இல்லம்மா. என்கிட்டயும் எங்க மாமியார் வீட்டுச் சாவி இருக்கு. போறேனா?"

எல்லோரும் போன பிறகு ரோண்டா மேஜையை மடித்தாள்.

"நீ இங்க இருக்கப் போறதில்ல, புரியுதா? ஆத்தங்கரையில எங்க அண்ணனோட டிரெய்லர் வீடு சும்மாத்தான் கிடக்கு. வியாழக்கிழமை விடியும்போதே கிளம்பிடு. யார்கிட்டயும் சொல்லாதே. முக்கியமா உனக்கு நல்லது செய்யறவங்ககிட்ட."

"ஏன் ஓடணும்னு நீதானே கேட்டே?"

"மாவு உருட்டும்போது ஆயிரம் சொல்வேன்," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "கேக்கறதா நீ?"

வியாழக்கிழமை காலை ஒரு பையோடு கிளம்பினேன். கதவைப் பூட்டினேன். பழக்கத்தால் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். நன்றாகவே பூட்டியிருந்தது.

ஆற்றங்கரைக்குப் பன்னிரண்டு மைல். பாதி வழியில், போனில் கேமராவைத் திறந்து பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒரு சோள வயலின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினேன். தூரத்தில் அறுவடை இயந்திரம் வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தது. ஒன்பது அடித்தது. ஒன்பதே முக்காலுக்குப் போன் அதிர்ந்தது. கேமரா. வாசலில் லைல்.

தன் தம்பியின் பிக்கப் வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டியிருந்தான். சவரம் செய்திருந்தான், மெலிந்திருந்தான். கேமராவைப் பார்த்து, சாலையில் எதிரே வரும் வண்டிக்கு வணக்கம் சொல்வது போல, ஒற்றை விரலைத் தூக்கினான். கால்மிதியில் இரண்டு காலையும் தேய்த்தான். சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே போனான்.

ஷெரீஃப் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். டெபுடி மார்லினிடம் கொடுத்தார்கள்.

"லைல் என் வீட்டுக்குள்ள இருக்கான்."

"நீங்க வீட்டுல இருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப எப்படிம்மா? உங்க பக்கத்துல வரக் கூடாதுன்னுதான் உத்தரவு. நீங்க அங்க இல்லை. அவர் உங்க பக்கத்துல இல்லை. வீடு பாதி அவரோடது."

"நான் திரும்பிப் போனா?"

"அப்ப அது மீறல். போனதும் கூப்பிடுங்க, உடனே வந்துடறேன்." கொஞ்சம் யோசித்தார். "போகப் போறீங்களா?"

மர்ஜீனைக் கூப்பிட்டேன். அவர் இறுதி அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்.

"வீட்டை விட்டுப் போயிட்டியா? சொல்லிட்டுப் போகக் கூடாதா கண்ணு? குடியிருக்க ஆள் இல்லைன்னா அந்த வீடு எண்ணிக்கையில சேராது, தொண்ணூத்தொன்பது ஆயிடும்."

"லைல் இருக்கான். உள்ளே. உங்க சாவியால திறந்துட்டான்."

"இருக்காரா?" மூச்சு விடும் சத்தம் கேட்டது. "அப்பாடா. உபகரணம் வீட்டோடது, குடியிருக்கறவர்தான் பயனாளி. பேரை மட்டும் மாத்திக்கறேன். உனக்கு ஒண்ணும் ஆகலையே? நல்லது. சம்பவம் பூஜ்ஜியம்னே போடறேன்."

அந்த வினாடியில் எனக்குக் கோபம் வரவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. பயம்கூட ஓரமாக ஒதுங்கி நின்றது. அந்தத் தாளில் என்னைத் தேடிப் பார்த்தேன். பதினேழாக இருந்தேன், பதினாலு ஆனேன், நூறாவது ஆனேன், இப்போது பூஜ்ஜியம். இத்தனைக்கும் நடுவே நான் எங்கேயும் இல்லை. இல்லாதவளை யாராலும் காப்பாற்ற முடியாது. ஆனால் கண்டுபிடிக்க முடியும்.

போன் மறுபடி அடித்தது. தெரியாத எண். டெபுடி மனம் மாறிவிட்டாரோ என்று எடுத்தேன்.

"வணக்கம், கோரின் ஹேவர்கேம்ப்தானே?" வேறு மாநிலத்துப் பெண் குரல், அதே குரல். "உங்க வீட்டுல ஆபத்துப் பொத்தானை அழுத்தியிருக்காங்க. முதல் தொடர்பு எண் உங்களோடதுதான் இருக்கு. பதறாதீங்க, வீட்டுல இருக்கறவர் நல்லாத்தான் இருக்கார். உங்களைக் காணோம்னுதான் தவிச்சுப் போயிருக்கார். லைன்லயே இருக்கார்."

வீட்டு ஒலிபெட்டிக்குப் பக்கத்தில் ஒருவன் மூச்சு விடுவது கேட்டது. அந்த மூச்சைப் பத்து வருடம் கேட்டிருக்கிறேன். எப்போது நிதானமாகிறதோ அப்போது விலகிப் போக வேண்டும்.

"நீங்க எங்க இருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்கம்மா. அந்தக் கட்டம் காலியா இருந்தா என்னால அழைப்பை முடிக்க முடியாது. அவரைப் பத்திக் கவலைப்படாதீங்க, எங்க கணினியில அவர் பேருக்குப் பச்சைக் குறி இருக்கு. ஒத்துழைக்கும் உரிமையாளர்னு."

வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அப்போதுதான் அறுவடை இயந்திரம் வரிசையின் முனைக்கு வந்து, என் வண்டிக்குப் பத்தடியில் உறுமித் திரும்பியது. கண்ணாடியை ஏற்றினேன். தாமதமாகத்தான் ஏற்றினேன்.

"சோளம் அறுக்கறாங்க," என்றான் லைல். மென்மையாகச் சொன்னான், அந்தப் பெண்ணுக்கு உதவி செய்கிறவன் போல. "கதிர் காயறதுக்கு முன்னாடியே அறுக்கறது ரெண்டே பேர்தான். வர்ற வழியில பாத்தேன். சர்ச் பக்கம் ஒருத்தன், பாலத்துப் பக்கம் ஒருத்தன்."

"இடம், சோள வயல்," என்று அவள் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "ரொம்ப நன்றி சார், கட்டம் நிரம்பிடுச்சு. கோரின், போனை வைக்காதீங்க, இப்ப ஒரு சின்னக் கருத்துக் கணிப்பு வரும்."

வண்டியைக் கிளப்பினேன். தார்ச்சாலைக்கு இரண்டு மைல் இருந்தது, இரண்டும் சரளைப் பாதை. காய்ந்த சரளையில் வேகமாகப் போனால் எழும்பும் தூசி நாலு மைலுக்குத் தெரியும். ஒரு குழந்தைகூட அதைப் பார்த்து யார் வண்டி, எங்கே போகிறது என்று சொல்லிவிடும். ஆகவே மெதுவாக ஓட்டினேன். பிணத்துக்குப் பின்னால் போகும் வண்டி போல, பத்து மைல் வேகத்தில். கால் கெஞ்சியது, பல் கிட்டியது, தூசி எழவில்லை. பக்கத்து இருக்கையில் போன் பேசிக்கொண்டே வந்தது: ஒன்றிலிருந்து ஐந்து வரை, இப்போது எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறீர்கள்?

மேட்டின் மேல் ஏறியபோது கண்ணாடியில் பார்த்தேன். தெற்கே, சர்ச் இருக்கும் பக்கம், சரளைப் பாதையில் ஒரு தூசிக் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. மிக வேகமாக. நான் பாலத்துப் பக்கம் இருந்தேன். சர்ச் வயலில் என் வண்டி இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்ப அவனுக்கு இருபது நிமிடம் ஆகும்.

போன் ஒருமுறை மணி அடித்து, கேமராவின் செய்தியைக் காட்டியது: 'வீட்டில் யாரும் இல்லை. வீடு பாதுகாப்பாக உள்ளது.'

ஜன்னலை இறக்கி, அதைச் சோளத்துக்குள் வீசினேன். சக்கரம் தாரைத் தொட்டதும், ரோண்டா சொன்ன ஆற்றங்கரைக்குத் திரும்பாமல், இந்தக் கவுண்டியில் யாருக்கும் தெரியாத திசையில் ஆக்ஸிலரேட்டரை முழுவதுமாக அழுத்தினேன்.